ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஒளி கூடுமா?

இரவு வானத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இது: "தம்பி, ஐஎஸ்ஓவை ரொம்ப ஏத்தாதே, நாய்ஸ் அடிக்கும்." அதே ஆள் அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொல்வார்: "பால்வெளி வேணும்னா மட்டும் 3200, 6400-னு வெச்சாத்தான் தெரியும்." இரண்டுமே அனுபவத்தில் விளைந்த பேச்சு. ஆனால் ஒன்றோடொன்று முட்டுகின்றன. எதைக் கேட்பது?

ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். ஊர் வெளிச்சம் எட்டாத இடம், அமாவாசையை ஒட்டிய இரவு. கேமராவை முக்காலியில் நிறுத்தி, 20 மி.மீ. லென்ஸின் திறப்பை எஃப் 2.8-ல் வைத்து, ஐஎஸ்ஓ 800-ல் 20 விநாடிக்கு ஒரு படம் எடுக்கிறோம். கேமராவின் பின்திரையில் ஏறக்குறைய இருட்டு; அங்கங்கே சில விண்மீன்கள். வேறு எதையும் தொடாமல் ஐஎஸ்ஓவை மட்டும் 6400 ஆக்கி இன்னொரு படம். இப்போது பால்வெளி திரையில் பளிச்சென்று நிற்கிறது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளாக இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, இருட்டாக இருக்கும் முதல் படத்தைக் கணினியில் எட்டு மடங்கு வெளிச்சமாக்கி, இரண்டாவதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

கேமரா கடந்த ஏழெட்டு ஆண்டுகளுக்குள் வந்ததாக இருந்தால், இரண்டு படங்களிலும் இருட்டுப் பகுதியில் தெரியும் புள்ளிப் பொரிவு பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். அதோடு முதல் படத்தில் விண்மீன்களின் நிறங்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கும். இதையே பதினைந்து ஆண்டுப் பழைய கேமரா ஒன்றில், 100-க்கும் 1600-க்கும் இடையே செய்து பார்த்தால் கதை தலைகீழ். ஐஎஸ்ஓ குறைவாக வைத்த படம்தான் கோடும் கொப்பளமுமாக மோசமாக இருக்கும்! ஏற்றினால் நாய்ஸ் அடிக்கும் என்றார்களே, இங்கே ஏற்றாமல் விட்டதால் அல்லவா அடித்திருக்கிறது?

குழப்பத்தின் வேர் படச்சுருள் காலத்தில் இருக்கிறது. கடையில் போய் "100 ரோல் ஒண்ணு, 400 ரோல் ஒண்ணு" என்று கேட்டு வாங்கிய நாட்களில் அந்த எண் சுருளின் உண்மையான குணத்தைச் சொன்னது. சுருளின் மேல்பூச்சில் வெள்ளி ஹாலைடு படிகங்கள் இருக்கும். படிகம் பெரிதாக இருந்தால் கொஞ்ச ஒளியிலேயே படம் பதியும். அந்தப் பெரிய படிகங்களே பிறகு படத்தில் மணல் மணலாகத் தெரியும். ஆகவே அப்போது எண் கூடினால் உணர்திறனும் கூடியது, மணலும் கூடியது. அமெரிக்காவில் ஏஎஸ்ஏ என்றும் ஜெர்மனியில் டின் என்றும் வழங்கிய இரண்டு அளவுகளை 1970களில் சர்வதேசத் தர அமைப்பு ஒன்றாக்கியது. அமைப்பின் சுருக்கப் பெயரே எண்ணுக்கும் நிலைத்தது. டிஜிட்டல் கேமரா வந்தபோது, பழகிய கைகள் தடுமாறக் கூடாதென்று அதே எண்களைத் திருகில் பொறித்தார்கள். வெளியே எண் அப்படியே இருந்தது. உள்ளே நடக்கும் வேலை முற்றிலும் மாறிவிட்டது.

டிஜிட்டல் கேமராவில் சுருளின் இடத்தில் இருப்பது சென்சார் எனும் ஒளி உணரி. அது ஒரு சிலிக்கான் தகடு. அதில் கோடிக்கணக்கான சிறு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு படப்புள்ளி, பேச்சுவழக்கில் பிக்சல். ஒளி, ஃபோட்டான் என்னும் தனித்தனித் துணுக்குகளாக வந்து விழுகிறது. 1905-ல் ஐன்ஸ்டைன் இப்படித்தான் ஒளிமின் விளைவை விளக்கினார். அதற்காகவே அவருக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு. சிலிக்கானில் விழும் ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானைக் கட்டவிழ்த்து விடுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் வரை ஒவ்வொரு பிக்சலிலும் எலெக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே போகும். இப்படிச் சேர்ந்த மின்னேற்றத்தைப் படமாக வாசிக்க வழிகாட்டிய சிசிடி என்னும் கருவியை 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009-ல், அவர்களுக்கும் நோபல் கிடைத்தது. இன்று கையில் இருக்கும் கேமராக்களில் சிமோஸ் என்னும் அடுத்த தலைமுறை உணரி இருக்கிறது; எலெக்ட்ரான் சேரும் முறை இரண்டிலும் ஒன்றே.

விழும் நூறு ஃபோட்டான்களில் எத்தனை எலெக்ட்ரானாக மாறுகின்றன என்பதைக் குவாண்டத் திறன் என்கிறோம். நல்ல உணரியில் பச்சை ஒளிக்கு இது நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டும். படச்சுருளில் ஒற்றை இலக்கமே. சிலிக்கானின் தன்மையும் அதன் மேல் வைத்த வண்ண வடிப்பான்களும் இந்தத் திறனைத் தீர்மானித்துவிடுகின்றன. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு எந்தத் திருகும் அதை மாற்ற முடியாது. ஐஎஸ்ஓ திருகும்தான்.

அப்படியானால் அந்தத் திருகு என்னதான் செய்கிறது? ஷட்டர் மூடிய பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்திருப்பதை அளக்க வேண்டும். எலெக்ட்ரான்கள் முதலில் சிறு மின்னழுத்தமாகி, ஒரு பெருக்கி வழியே சென்று, கடைசியில் ஓர் எண்ணாக மாறுகின்றன. பெரும்பாலான கேமராக்களில் அது 0 முதல் 16,383 வரையிலான எண். எத்தனை மடங்கு பெருக்கலாம் என்பதைத்தான் ஐஎஸ்ஓ சொல்கிறது. லாரியை நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடையையும் நகைக்கடைத் தராசையும் நினைத்துப் பாருங்கள். எடை மேடை பல டன் தாங்கும், ஆனால் ஐந்து கிலோ, பத்து கிலோ முன்னே பின்னே காட்டும். அதில் மோதிரத்தை வைத்தால் வைத்ததே தெரியாது. நகைத் தராசு மில்லிகிராமைக்கூடச் சொல்லும். அதில் நெல் மூட்டையை ஏற்ற முடியாது. குறைந்த ஐஎஸ்ஓ எடை மேடை, கூடிய ஐஎஸ்ஓ நகைத் தராசு. எந்தத் தராசில் வைத்தாலும் மோதிரத்தில் இருக்கும் தங்கம் அதே தங்கம்தான்.

ஐஎஸ்ஓவை மாற்றினாலும் பிக்சலில் சேர்ந்த எலெக்ட்ரான் மாறுவதில்லை என்று எப்படித் தெரியும்? யாரும் எலெக்ட்ரானை எண்ணிப் பார்க்க முடியாதே? எண்ண முடியும். இந்தத் துறையில் எனக்கு ஆகப் பிடித்த உத்தி இதுதான். அதற்கு முன் ஒளியின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபோட்டான்கள் வரிசை கட்டி வருவதில்லை; ஒன்று வருவதற்கும் அடுத்தது வருவதற்கும் தொடர்பே கிடையாது. ஒரே சீராக ஒளிரும் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தாலும் அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களில் ஒரே எண்ணிக்கை விழாது. சராசரி 100 என்றால் ஒன்றில் 92, ஒன்றில் 111 என்று தள்ளாடும். தள்ளாட்டத்தின் அளவு எப்போதும் சராசரியின் வர்க்கமூலம்: 100-க்குப் 10, 10,000-க்கு 100. முதலாவதில் தள்ளாட்டம் பத்து சதவீதம். இரண்டாவதில் ஒரு சதவீதம். ஒளி கூடக் கூடத் தள்ளாட்டம் எண்ணிக்கையில் கூடினாலும் விகிதத்தில் சுருங்குகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் வால்ட்டர் ஷாட்கி 1918-ல் வெற்றிடக் குழாய்களில் ஓடும் மின்னோட்டத்தில் இதே கணக்கைக் கண்டார். படத்தில் நாம் பார்க்கும் புள்ளிப் பொரிவில் பெரும்பங்கு இந்தத் தள்ளாட்டமே. இதை ஒளி இரைச்சல் என்று அழைப்போம். இது கேமராவின் குறை அல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது கூடவே வரும்.

இனி எண்ணும் உத்தி. வெள்ளைச் சுவரை ஐஎஸ்ஓ 100-ல் படமெடுக்கிறோம். கோப்பில் பிக்சல்களின் சராசரி எண் 2,000 என்றும் தள்ளாட்டம் 20 என்றும் வைத்துக்கொள்வோம். இது ஒரு சதவீதம். ஒரு சதவீதம் தள்ளாட வேண்டுமென்றால் சேர்ந்த எலெக்ட்ரான்கள் 10,000 இருந்தாக வேண்டும். ஆகவே கேமரா காட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்து எலெக்ட்ரான். அதே சுவர், அதே ஷட்டர், ஐஎஸ்ஓ மட்டும் 400. சராசரி 8,000 ஆகிறது, தள்ளாட்டம் 80. இதுவும் ஒரு சதவீதமே! எண் நான்கு மடங்கு ஆனாலும் எலெக்ட்ரான் அதே 10,000. பெருக்கிதான் வேலை செய்திருக்கிறது. ஒளி ஒரு துளிகூடக் கூடவில்லை. உணரியில் பிக்சலுக்குப் பிக்சல் இருக்கும் நிலையான வேறுபாடுகள் கணக்கைக் கெடுக்காதபடி, அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத் தள்ளாட்டத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள். இம்முறையை விண்வெளிக் கேமராக்களில் பயன்படுத்தி வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஜானெசிக். இதற்கென்றே 2007-ல் ஒரு புத்தகமும் எழுதினார். விண்கலத்தில் போகும் உணரிக்கும் நம் கையிலிருக்கும் கேமராவுக்கும் சோதனை ஒன்றேதான். நல்ல சுவரும் ரா கோப்பைத் திறக்கும் மென்பொருளும் போதும், யாரும் வீட்டில் செய்யலாம்.

"ஏற்றினால் நாய்ஸ்" என்ற பேச்சு எப்படி வந்தது என்பது இப்போது விளங்கும். கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே ஐஎஸ்ஓவை ஏற்றுகிறது. படம் பொரிகிறது. எண் ஏறியதையும் பொரிந்ததையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்குமே காரணம் மூன்றாவது ஒன்று: வெளிச்சக் குறைவு. ஃபோட்டான் கொஞ்சமாக வந்தது, அதனால் தள்ளாட்டம் விகிதத்தில் பெருத்தது. வானப் படத்தில் ஷட்டரும் திறப்பும் மாறாமல் ஐஎஸ்ஓ மட்டும் மாறும்போது இந்தக் காரணம் இல்லாமல் போகிறது.

ஆனால் பழைய கேமராவில் ஐஎஸ்ஓ குறைந்த படம் கெட்டுப்போனதே, அது எதனால்? எலெக்ட்ரானை எண்ணாக மாற்றும் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தள்ளாடும். இது வாசிப்பு இரைச்சல். இதை அளப்பது இன்னும் எளிது: லென்ஸ் மூடியைப் போட்டு, ஆகக் குறைந்த ஷட்டர் நேரத்தில் ஒரு படம். ஒளி எதுவும் வரவில்லை. எல்லாப் பிக்சலும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாது, சற்று முன்னே பின்னே இருக்கும். அந்த முன்பின்னை, சுவர்ச் சோதனையில் கிடைத்த கணக்கை வைத்து எலெக்ட்ரானாக மாற்றினால் வாசிப்பு இரைச்சல் கிடைத்துவிடும். மேடையில் எதையும் ஏற்றாதபோதே முள் ஆடுகிறதா என்று பார்ப்பதுதான் இது.

இங்கேதான் கேமராக்கள் இரு சாதியாகப் பிரிகின்றன. 2008-ல் வந்த கேனன் 5டி மார்க் 2 அந்நாளில் வானப் படக்காரர்களின் செல்லம். ஐஎஸ்ஓ 100-ல் அதன் வாசிப்பு இரைச்சல் இருபது எலெக்ட்ரானுக்கு மேல். 1600-க்கு ஏற்றினால் மூன்றை ஒட்டி இறங்கிவிடும். அந்தக் கேமராவில் பெருக்கிய மின்குறி உணரியை விட்டு வெளியே வந்து, வேறொரு சில்லில்தான் எண்ணாக மாறும். போகும் வழியிலும் மாறும் இடத்திலும் இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். முன்னமே பெருக்கி அனுப்பினால் வழியில் ஒட்டுவது ஒப்பீட்டில் சிறிதாகிவிடும். அதனால் அந்தக் காலத்துக் கேனன்களில் 1600 வரை ஏற்றுவது உண்மையான லாபம். "பால்வெளிக்கு ஐஎஸ்ஓவை ஏத்து" என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

சோனி நிறுவனம் 2007 வாக்கில் எக்ஸ்மோர் என்ற பெயரில் கொண்டுவந்த உணரிகளில், எண்ணாக மாற்றும் சுற்று உணரியின் உள்ளேயே, ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசைக்கும் ஒன்றாக அமைந்தது. வழியில் ஒட்டும் இரைச்சல் பெரும்பாலும் ஒழிந்தது. எடை மேடையே நகைத் தராசின் நுட்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டத் தொடங்கியது. இவ்வகைக் கேமராவில் ஐஎஸ்ஓ 100-க்கும் 1600-க்கும் வாசிப்பு இரைச்சலில் பெரிய வித்தியாசம் இராது; படமெடுத்த பிறகு கணினியில் ஏற்றினாலும் ஏறக்குறைய ஒன்றே. கேனனும் 2016 முதல் மாற்றுச் சுற்றை உணரிக்குள் கொண்டுவந்துவிட்டது.

அடுத்து வந்தது இன்னொரு மாற்றம். பிக்சலுக்குள்ளேயே எலெக்ட்ரான்களைத் தேக்கும் இடத்துக்கு இரண்டு அளவு வைத்தார்கள். ஐஎஸ்ஓ குறைவாக இருக்கும்போது பெரிய தேக்கம், நிறையக் கொள்ளும். ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டியதும் கூடுதல் மின்தேக்கி துண்டிக்கப்பட்டுத் தேக்கம் சிறிதாகிறது. அப்போது ஒவ்வோர் எலெக்ட்ரானும் எழுப்பும் மின்னழுத்தம் கூடுகிறது, வாசிப்பு இரைச்சல் ஒரேயடியாகக் குறைகிறது. 2018-ல் வந்த சோனி ஏ7 3-ல் இந்தப் படி 640-ல் இருக்கிறது, அதே ஆண்டு வந்த நிக்கான் இசட் 6-ல் 800-ல். விளம்பரத் தாளில் இந்த எண்ணைப் போடமாட்டார்கள். ஆனால் இரவு வானத்துக்கு அந்தக் கேமராவில் முக்கியமான எண் இதுதான். சோனியில் 500-ல் எடுத்த படத்தைவிட 640-ல் எடுத்தது இருட்டில் சுத்தமாக இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் இருட்டுக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம்.

இனி வானத்துக்குப் போவோம். பால்வெளியின் மையம் மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகைகூட எழும்பாது. வைணு பாப்பு ஆய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்து பார்த்தால் 48 பாகை உயரத்தில் நிற்கும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பங்குனியில் விடியற்காலையிலும், ஆடி ஆவணியில் மேகம் வழிவிட்டால் முன்னிரவிலும் பார்க்கலாம்.

நல்ல இருட்டு வானம் என்றாலும் அது முழு இருட்டல்ல. வளிமண்டலத்தின் மேலடுக்கே மெல்லத் தானாக ஒளிர்கிறது. எண்ணற்ற மங்கல் விண்மீன்களின் ஒளியும் சேர்கிறது. நாம் முதலில் சொன்ன 20 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, 20 விநாடி, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் உணரி என்ற அமைப்பில், இருட்டு வானத்தின் வெற்றிடத்திலிருந்து ஒரு பிக்சலுக்குத் தோராயமாக 30 எலெக்ட்ரான் சேரும். முப்பதே முப்பது! அதன் தள்ளாட்டம் ஐந்தரை. இதோடு வாசிப்பு இரைச்சல் சேர வேண்டும். தொடர்பில்லாத இரண்டு தள்ளாட்டங்கள் நேராகக் கூடுவதில்லை. மூன்றும் நான்கும் சேர்ந்தால் ஐந்துதான் ஆகும். பெரியது சிறியதை விழுங்கிவிடும். வாசிப்பு இரைச்சல் 3 என்றால் மொத்தம் ஐந்தரையிலிருந்து ஆறேகாலுக்கு மட்டுமே ஏறும். ஒன்றரை என்றால் ஏறியதே தெரியாது. ஆனால் பழைய கேமராவை ஐஎஸ்ஓ 100-ல் வைத்தால் இருபது எலெக்ட்ரானுக்கு மேற்பட்ட அதன் வாசிப்பு இரைச்சலுக்குள் வானத்தின் முப்பது எலெக்ட்ரானும் மூழ்கிப்போகும். பால்வெளியின் மெல்லிய கிளைகளும் தூசுப் பட்டைகளும் அதோடு போய்விடும்.

ஆகவே ஐஎஸ்ஓவைத் தேர்வது என்றால், வாசிப்பு இரைச்சல் வானத்தின் சொந்தத் தள்ளாட்டத்துக்குக் கீழே நன்றாக இறங்கும் முதல் எண்ணைக் கண்டுபிடிப்பது. அங்கே நின்றுவிட வேண்டும். மேலே போவதற்கு ஒரு விலை உண்டு.

தராசின் தாங்குதிறன்தான் அந்த விலை. நம் உணரியின் ஒரு பிக்சல் ஐஎஸ்ஓ 100-ல் ஏறத்தாழ 80,000 எலெக்ட்ரான் வரை காட்டும் என்று கொள்வோம். ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் காட்டும் எல்லை பாதியாகும்: 800-ல் 10,000, 1600-ல் 5,000, 6400-ல் 1,250. எல்லையைத் தாண்டிய எலெக்ட்ரான்கள் எல்லாம் வெறும் 16,383 என்று பதிந்து வெள்ளையாகிவிடும். கேட்டை போன்ற முதல் தர விண்மீன் எந்த ஐஎஸ்ஓவிலும் நிரம்பி வழியும். அதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. கவனிக்க வேண்டியவை நாலாம், ஐந்தாம் தர விண்மீன்கள். வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஐந்தாம் தர விண்மீன் ஒன்று 20 விநாடியில் பல ஆயிரம் எலெக்ட்ரான்களைக் கொட்டுகிறது. பூமி சுழல்வதால் அது சில பிக்சல்களில் பரவினாலும், ஒரு பிக்சலுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் சேரும். 1600-ல் அந்த விண்மீன் தன் மஞ்சளையோ நீலத்தையோ காப்பாற்றிக்கொள்ளும். 6400-ல் வெள்ளைப் பொட்டு. வானம் முழுக்க நூற்றுக்கணக்கான விண்மீன்கள் இப்படி நிறமிழந்தால் படம் சுண்ணாம்பு தெறித்த கரும்பலகை மாதிரி ஆகிவிடும். இணையத்தில் சுற்றும் பால்வெளிப் படங்களில் பாதி இந்தக் கதிக்கு ஆளானவை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். விண்மீனின் நிறம் அதன் வெப்பநிலை. அதைத் தொலைப்பது அழகை மட்டும் தொலைப்பதல்ல.

ஊருக்குள் நின்று எடுத்தால் கணக்கு மாறும். தெருவிளக்கின் ஒளி தூசியில் பட்டுச் சிதறும் நகர வானம், இருட்டு வானத்தைப்போல் சில பத்து மடங்கு பிரகாசம். முப்பது இருந்த இடத்தில் 700, 800 எலெக்ட்ரான். தள்ளாட்டமே இருபத்தேழு, இருபத்தெட்டு. வாசிப்பு இரைச்சல் ஐந்தாக இருந்தால்கூட அது காணாமல் போகும். அங்கே ஐஎஸ்ஓவை 6400-ல் வைத்தால் வெற்று வானமே எல்லையில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். நகரத்தில் 200, 400 போதும். இருட்டான இடத்துக்குப் போகப் போகத்தான் இந்த எண்ணைக் கவனித்து வைக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் இரவுகளுக்கென்று இன்னொரு சேதியும் உண்டு. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் தாமாகக் கிளம்பும். இதை இருட்டு மின்னோட்டம் என்கிறார்கள். ஏறத்தாழ ஆறேழு டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் இது இரட்டிப்பாகும். சித்திரை மாதத்துச் சமவெளி இரவுக்கும் மலையுச்சியின் மார்கழி இரவுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்றால் எட்டு மடங்கு! வானியல் கேமராக்களை மின்விசிறியும் குளிர்விப்பானும் வைத்து உறைநிலைக்குக் கீழே கொண்டுபோவது இதற்காகத்தான். ஐஎஸ்ஓவைக் குறைத்து இதைத் தப்ப முடியாது. லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஷட்டர் நேரத்தில், அதே சூட்டில் சில இருட்டுப் படங்கள் எடுத்து வைத்துக் கழித்துக்கொள்வது பழைய, நம்பகமான வழி.

பொரிவைக் குறைக்க உண்மையில் உதவுவது ஃபோட்டான்களைக் கூடுதலாகச் சேர்ப்பது மட்டுமே. எஃப் 2.8-லிருந்து எஃப் 1.4-க்குத் திறந்தால் நான்கு மடங்கு ஒளி. விண்மீன்களோடு சேர்ந்து மெல்லச் சுழலும் தாங்கி இருந்தால் 20 விநாடிக்குப் பதில் இரண்டு நிமிடம் திறக்கலாம். எதுவும் இல்லையென்றால் ஒரே காட்சியைப் பதினாறு முறை எடுத்து, விண்மீன்களைப் பொருத்தி அடுக்கி, சராசரி கண்டால் தள்ளாட்டம் நாலில் ஒன்றாகும். 2019-ல் கூகுள் தன் பிக்சல் 4 கைபேசியில் வானப் படத்துக்கென்று ஓர் அமைப்பைக் கொண்டுவந்தபோது செய்தது இதே. பதினாறு விநாடிக்கு மிகாத பதினைந்து படங்களை எடுத்து, உள்ளேயே அடுக்கியது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத உணரியில் பால்வெளி விழுந்தது, நான்கு நிமிடப் பொறுமையால்.

எரிமீன்கள் மட்டும் இந்த நேரக் கணக்குக்குப் பிடிகொடுப்பதில்லை. டிசம்பர் 13, 14 தேதிகளில் மிதுனத்திலிருந்து பொழியும் ஜெமினிட் எரிமீன் ஒன்று ஒரு பிக்சலைக் கடக்கும் நேரம் ஓரிரு மில்லிவிநாடி. ஷட்டரை இன்னும் பத்து விநாடி திறந்து வைப்பதால் எரிமீனின் கோடு பிரகாசமாகாது, பின்னாலிருக்கும் வானம்தான் வெளுக்கும். அங்கே லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பது ஒன்றே பேசும். இருக்கும் திறப்பை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை மேலே சொன்ன அதே எண்ணில் விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் ரா கோப்பாக எடுப்பது கட்டாயம். ஜேபெக் எடுத்தால் கேமராவே இருட்டை நசுக்கி 256 படிகளுக்குள் அடக்கிவிடும்; பிறகு கணினியில் ஏற்றினால் வருவது பட்டை பட்டையாக இருக்கும். ஹெச் 1, ஹெச் 2 என்று பட்டியலின் கடைசியில் வரும் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் எண்ணைப் பெருக்கிக் காட்டுபவை, அவற்றை விட்டுவிடலாம். ஃபோகஸ் பார்க்கவும் சட்டகம் வைக்கவும் ஒரு நிமிடத்துக்கு 12800-க்கு ஏற்றி, பார்த்ததும் இறக்கிக்கொள்வதில் தப்பில்லை. பின்திரை இருட்டாக இருக்கிறதே என்று பதறி ஏற்றுவதைத்தான் தவிர்க்க வேண்டும். திரையை நம்பாமல், எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: வானத்தின் மேடு இடது சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் விலகி நின்றால் போதும்.

உங்கள் கேமராவின் எண் எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த அமாவாசைக்கு இருட்டான இடம் கிடைத்தால், திறப்பையும் ஷட்டரையும் மாற்றாமல் 100, 200, 400, 800, 1600, 3200, 6400 என்று ஒரே வானத்தை எடுங்கள். கணினியில் எல்லாவற்றையும் 6400-ன் வெளிச்சத்துக்கு ஏற்றுங்கள். 100-ஐ அறுபத்துநான்கு மடங்கு, 200-ஐ முப்பத்திரண்டு மடங்கு என்று. இருட்டான ஒரு மூலையைப் பெரிதாக்கி வரிசையாகப் பாருங்கள். முதலில் ஒவ்வொரு படியிலும் பொரிவு குறைந்துகொண்டே வரும். ஓரிடத்துக்கு மேல் குறையாது. குறைவது நின்ற அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கேமராப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸின் திறப்பையோ ஷட்டர் நேரத்தையோ மாற்றினால் வானத்திலிருந்து சேரும் எலெக்ட்ரானும் மாறும்; அப்போது அந்த எண்ணை மறுபடி சோதித்துப் பாருங்கள்.